அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் சாதி

"அரசு ஊருக்கும் காலனிக்கும் ஒரே தொகையைத்தானே கொடுக்கிறது? வீட்டுத் திட்டத்தில் பாகுபாடு எங்கே இருக்கிறது?"

பயிற்சி முகாம் ஒன்றில் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். காகிதத்தில் பாகுபாடு இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வீட்டின் அளவு 360 சதுர அடி. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவது இலக்கு. ஒன்றிய அரசின் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், அதற்கு மேல் மாநில அரசு சேர்த்துக் கொடுக்கும் தொகை. வாங்குபவர் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் தொகை ஒன்றுதான்.

பாகுபாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வானத்தைப் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே இருக்கிற வானத்தைச் சொல்லவில்லை. வீடு கட்ட அஸ்திவாரத்துக்குத் தோண்டுகிற பள்ளத்தைக் கொத்தனார்கள் வானம் என்றுதான் சொல்வார்கள். அந்த வானத்துக்குள் இறங்கிப் பார்த்தால், ஒரே தொகை என்பது எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும்.

இரண்டு வீட்டுக் கணக்கு

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் ஒரு பக்கம், சரளைக் கல் கலந்த செம்மண் மேடு இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் அரை கிலோமீட்டருக்குள் மண் மாறிவிடும். ஊர்த்தெரு சரளை மேட்டில் இருக்கிறது. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் தண்ணீர் வந்து நிற்கிற பள்ளத்தில், கரிசலில் எங்கள் காலனி இருக்கிறது. இது தற்செயலா என்பதைப் பிறகு பார்ப்போம்.

2024-இல் என் அக்காவுக்கு அரசு வீடு வந்தது. அதே ஆண்டில் ஊர்த்தெருவில் ஒரு குடும்பத்துக்கும் வந்தது. அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான், அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு வீட்டையும் கட்டியவர் என் மாமா, அக்காவின் கணவர். கொத்தனார். இரண்டு வீட்டுக் கணக்கும் அவர் நோட்டில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு: 20 அடிக்கு 18 அடி, குறுக்கே ஒரு சுவர். சுற்றுச் சுவரையும் குறுக்குச் சுவரையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 அடி நீளம். விலையெல்லாம் ஒரே சந்தையின் விலை, கூலியும் ஒரே கூலி.

ஊர்த்தெரு வீட்டில் இரண்டரை அடியிலேயே கடப்பாரை சரளையில் மோதியது. மூன்றடி ஆழம், இரண்டரை அடி அகலம் போதும் என்று நிறுத்திவிட்டார் மாமா. 90 அடிக்கு அப்படித் தோண்டினால் 675 கன அடி. வானம் எடுக்க 5,000 ரூபாய். அடியில் கான்கிரீட் படுகை போட்டுக் கருங்கல் கட்டி மேலே கொண்டுவர 48,000. தரைக்கு மேல் இரண்டடி பேஸ்மட்டச் சுவர் 24,000. உள்ளே நிரப்ப 6 யூனிட் கிராவல் 15,000. மொத்தம் 92,000 ரூபாய்.

எங்கள் காலனியில் மூன்றடியில் கறுப்பு மண். நான்கடியில் கறுப்பு மண். ஐந்தடியிலும் அதே மண், மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஊர்த்தெருவில் கட்டியதுபோல இங்கே தொடர் அஸ்திவாரம் போடுவதானால் ஆறடி ஆழமும் மூன்றடி அகலமும் வேண்டும் என்றார் மாமா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,620 கன அடி. ஊர்த்தெரு வீட்டைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு கருங்கல்லைக் கொட்டினாலும் கரிசல் அதைத் தூக்கிப் போடாது என்று உறுதி சொல்ல முடியாது. அதனால் 9 இடத்தில் ஆறடிக் குழி எடுத்து, அடியில் சரளை அடித்து, காலம் நிறுத்தி, பிளிந்த் பீம் போட்டுக் கட்டினோம்.

குழி எடுக்கவும் சரளைக்கும் 17,000. கம்பி 39,000. சிமெண்ட், ஜல்லி, எம்சாண்ட் என்று கான்கிரீட்டுக்கு 46,000. சென்ட்ரிங், கம்பி கட்டும் கூலி 14,000. ஏரித் தண்ணீர் வாசல் ஏறாமல் இருக்க வேண்டும் என்பதால் பேஸ்மட்டம் நான்கடி. அதற்கு 48,000. நிரப்ப 12 யூனிட் மண் 30,000. மொத்தம் 1,94,000 ரூபாய்.

ஒரே திட்டம், ஒரே ஆண்டு, ஒரே அளவு, ஒரே கொத்தனார். தரை மட்டத்துக்கு வந்து நிற்பதற்குள் எங்களுக்கு 1,02,000 ரூபாய் அதிகம். 3.5 லட்சத்தில் அவர்களுக்கு அஸ்திவாரம் சாப்பிட்டது நான்கில் ஒரு பங்கு. எங்களுக்குப் பாதிக்கு மேல். மீதித் தொகையில் அவர்கள் சுவர், கூரை, பூச்சு, கதவு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து முடித்தார்கள். அக்கா கூரை போடுவதற்குள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மகளிர் குழுக் கடன் வாரத் தவணையாக இன்றும் ஓடுகிறது. பூச்சு வேலை இன்னும் பாக்கி.

அரசு கொடுத்த தொகை சமம். அந்தத் தொகை வாங்கிக் கொடுத்த வீடு சமமில்லை.

மண் எப்படிச் செலவை ஏற்றுகிறது

நம் தோழர்களில் பலருக்கு நில உரிமைச் சட்டங்கள் தெரியும். மண்ணைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. மண்ணைத் தோண்டுகிறவர்கள் நாம்தான் என்றாலும், அந்த அறிவு நம் வாதங்களுக்குள் வந்ததில்லை. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சரளை, சுக்கான் பாறை போன்ற கெட்டித் தரையில் அஸ்திவாரச் செலவு குறைவு. ஆழம் வேண்டாம். தோண்டுவதுதான் கொஞ்சம் கஷ்டம். கழிப்பறைக் குழிக்குப் பாறை உடைக்க வேண்டி வந்தால் அது தனிச் செலவு. ஆனால் வீடு அசையாது.

கெட்டியான செம்மண்ணில் மூன்றடி, நான்கடியில் நல்ல தரை கிடைத்துவிடும். ஒரு மாடி வீட்டுக்கு வழக்கமான கருங்கல் அஸ்திவாரம் போதும்.

மணல் பலரும் நினைப்பதுபோல மோசமான தரை இல்லை. நாலாபக்கமும் அணைப்பு இருந்தால் நல்ல பாரம் தாங்கும். ஆனால் தோண்டும்போது பக்கச் சுவர் சரியும், அதனால் அகலமாகத் தோண்ட வேண்டும். வெள்ளம் ஓடினால் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகும். கடலோரக் குடியிருப்புகளில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

நஞ்சை வயலின் சேற்று வண்டல், ஏரிக்குள் படிந்த களி ஆகியவை மென்மையானவை. பாரம் ஏற ஏற வீடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்கினால்கூடப் பரவாயில்லை. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறங்கும்போது சுவர் கிழிகிறது. அகலமான அடித்தளம் போட்டுப் பாரத்தைப் பரப்ப வேண்டும்.

நிரப்பிய மண்தான் எல்லாவற்றிலும் மோசம். பழைய குளமோ கல்குவாரிப் பள்ளமோ குப்பை மேடோ, மேலே செம்மண் பரப்பி மனையாகக் கொடுத்திருப்பார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். நிரப்பியதைத் தாண்டி இயற்கைத் தரை வரை அஸ்திவாரம் போக வேண்டும். அது 8 அடியா, 12 அடியா என்று தோண்டிய பிறகுதான் தெரியும்.

அடுத்தது கரிசல். கரிசலின் சிக்கல் பாரம் தாங்காதது மட்டும் இல்லை. அது அசைகிற மண். அதில் இருக்கிற மோன்ட்மோரிலோனைட் என்ற களித்தாது தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்குத் தரை வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி மழையில் அதே வெடிப்பு மூடி, தரை மேலே எழும்பும். இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் நடக்கும். வீட்டின் ஓரங்களில் மண் சீக்கிரம் நனைந்து சீக்கிரம் காயும். நடுவில் ஈரம் மெதுவாக மாறும். ஓரம் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி அசைய, நடுவில் சுவர் என்ன செய்யும்? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். மழைக்காலத்தில் கதவு சாத்தாது. தரை நடுவில் மேடு தட்டும். இந்த அடையாளங்களை உங்கள் காலனியில் எண்ணிப் பாருங்கள்.

வெடிப்புக்கு யார் பொறுப்பு

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் இருந்தவை தொகுப்பு வீடுகள். கட்டிச் சில ஆண்டுகளிலேயே எல்லாச் சுவர்களிலும் வெடிப்பு. மழை பெய்தால் உள்ளே படுக்கப் பயந்து, கோயில் திண்ணையிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலும் இரவைக் கழிப்போம். ஊர்ப் பெரியவர்களும் ஆய்வுக்கு வந்த அதிகாரிகளும் சொன்ன காரணம் ஒன்றே: "இவர்களுக்கு என்ன கட்டிக் கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியாது." ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருடினார் என்பது நம்மவர்கள் சொன்ன காரணம். அதுவும் பல இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் சிமெண்டைச் சரியாகப் போட்டிருந்தாலும் கரிசலில் மூன்றடி அஸ்திவாரம் போட்ட வீடு வெடிக்கத்தான் செய்யும். மேட்டுத் தரைக்கு வரைந்த வரைபடத்தைக் கொண்டுவந்து பள்ளத்துக் கரிசலில் கட்டினார்கள். வெடித்தது மண்ணால். பழி விழுந்தது எங்கள் பழக்கவழக்கத்தின் மீது.

மண்ணின் குணத்தை மக்களின் குணமாக மாற்றிச் சொல்வது சாதியின் பழைய வேலை. நம் தெரு சேறாக இருந்தால் நாம் அசுத்தமானவர்கள். நம் வீடு வெடித்தால் நாம் பொறுப்பற்றவர்கள். அந்தச் சேற்றில் நம்மைக் குடிவைத்தது யார் என்ற கேள்வி மட்டும் வராது.

வேடிக்கை என்னவென்றால், ஊர்த்தெரு வீடுகளுக்கு வானம் தோண்டியவர்கள் எங்கள் அப்பாக்கள்தான். மேட்டில் எத்தனை அடியில் கெட்டித் தரை வரும் என்று என் அப்பா தோண்டாமலேயே சொல்வார். தன் வீட்டு மனையில் அந்தத் தரை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க அவருக்குக் கடைசி வரை வசதி வரவில்லை.

பள்ளம் எப்படி நம் பங்குக்கு வந்தது

தீண்டப்படாதவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்ற கேள்வியை அம்பேத்கர் 1948-இல் வெளிவந்த தம் நூலில் எழுப்பினார். அந்தக் கேள்வியின் பக்கத்தில் நாம் இன்னொன்றையும் வைக்க வேண்டியிருக்கிறது: ஊருக்கு வெளியே என்றால் எந்த மண்ணில்?

மேடு முதலில் குடியேறியவர்களுக்கும் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் போனது. வெள்ளம் ஏறாது, கிணற்றுக்கும் கோயிலுக்கும் அருகில், கெட்டித் தரை. வயலில் வேலை செய்கிறவர்கள் வயலுக்குப் பக்கத்தில் கீழே இருக்க வைக்கப்பட்டார்கள். ஊரின் கழிவுநீர் இறங்கி வரும் பக்கமும் அதுதான். அந்தத் தரைகூட அவர்களுடையதாக இல்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய குறிப்பில், அவர்கள் குடியிருக்கும் மனையும் மிராசுதார்களின் பிடியில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே வெளியேற்றலாம் என்ற நிலை.

அங்கிருந்து வீட்டுமனைப் பட்டா வரை வந்தது பெரிய போராட்டம். நம் மக்களுக்கு மனை கொடுக்கத் தனியார் நிலத்தை எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1978-இல் தனிச் சட்டம் வந்தது, அந்த ஆண்டின் 31-ஆவது சட்டம். அது ஒரு வெற்றி. ஆனால் நிலம் எடுக்கும்போது நடப்பதை நான் பல கிராமங்களில் பார்த்திருக்கிறேன். சாலையோரத்து மேட்டு நிலத்தைச் சொன்னால் எதிர்ப்பு வரும், வழக்கு வரும், ஊர்க்கூட்டம் வரும். கடைசியில் யாரும் வழக்குப் போடாத நிலம் கிடைக்கும். விளைச்சல் குறைந்த துண்டு, தண்ணீர் நிற்கிற துண்டு, ஓடைக் கரை. அளந்து, கல் நட்டு, பட்டா கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பட்டாவில் புல எண் இருக்கும், பரப்பு இருக்கும், நான்கு எல்லை இருக்கும். ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி இருக்காது.

வாங்கிய மூன்று சென்ட் மனை இலவசம் என்பார்கள். அக்காவின் மனைக்கு விலை 1,02,000 ரூபாய். மேட்டில் கொடுத்திருந்தால் செலவாகியிருக்காத பணம் அது.

தெரியாமல் நடப்பதல்ல

கரிசலில் எப்படிக் கட்டுவது என்று இந்த நாட்டுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே அண்டர்ரீம்டு பைல் முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வளர்த்தெடுத்தது. தரையில் துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்தி, கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்புவது. ஆழமான கரிசலில் மண் அசைவு ஏறத்தாழ மூன்றரை மீட்டருக்குக் கீழே பெரிதாக இருக்காது என்பதால், பைல் அந்த ஆழம் வரை போகும். மேலே ஓடுகிற பீம் மண்ணைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும், உப்புகிற மண் பீமைத் தள்ளக் கூடாது. இந்தியத் தர நிர்ணய விதிகளில் இதற்குத் தனிப் பகுதியே உண்டு. மும்பை ஐஐடியின் பேராசிரியர் ஆர்.கே. கட்டி, உப்பும் மண்ணுக்கு மேல் உப்பாத மண்ணைப் படுகையாகப் போட்டுக் கெட்டிப்படுத்தும் முறையை வகுத்தார். சாலைக்கும் கால்வாய்க்கும் அரசு அலுவலகங்களுக்கும் மண் பரிசோதனை செய்யாமல் யாரும் மதிப்பீடு போடுவதில்லை. 360 சதுர அடி வீட்டுக்கு மட்டும் மண் எல்லா இடத்திலும் ஒன்றாகிவிடுகிறது.

இடத்துக்கு ஏற்ப தொகையை மாற்ற முடியாது என்றும் சொல்ல முடியாது. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்திலேயே சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கும் கடினமான பகுதிக்கும் 1.30 லட்சம் என்று இரண்டு விலை இருக்கிறது. 100 நாள் வேலைத் திட்டத்தின் வழியாகச் சமவெளி வீட்டுக்கு 90 நாள் கூலி, மலைப்பகுதிக்கு 95 நாள் என்று வைத்திருந்தார்கள். கட்டுமானச் செலவு இடத்தைப் பொறுத்தது என்ற கொள்கையை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். பாதகமான நில அமைப்பும் கடினமான பகுதிக்கான காரணங்களில் ஒன்று.

அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடினமான பகுதியை வகைப்படுத்த ஊராட்சிதான் மிகச் சிறிய அலகு. எங்கள் ஊராட்சியில் சரளையும் இருக்கிறது, கரிசலும் இருக்கிறது. ஊராட்சி முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் கடினமான பகுதி ஆகாது. காலனியைத் தனியாகப் பார்த்தால்தான் ஆகும். ஊரை ஒன்றாகப் பார்க்கக் கூடாத இடத்தில் மட்டும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். தேர் ஓடும்போதும் தண்ணீர்க் குழாய் போடும்போதும் இரண்டாகப் பார்ப்பவர்கள்தான்.

பணம் வரும் முறையும் நமக்கு எதிராக இருக்கிறது. அக்காவுக்கு முதல் தவணை பேஸ்மட்டம் எழும்பிய பிறகுதான் வந்தது. வீட்டின் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்து ஏற்றினால்தான் பணம். அந்தப் படத்தில் தெரிவது தரைக்கு மேலே இருக்கிற நான்கடிச் சுவர். தரைக்கு அடியில் போன கம்பியும் கான்கிரீட்டும் எந்தப் படத்திலும் வராது. 92,000 ரூபாயை முன்பணமாகப் புரட்டுவதே ஒரு கூலிக் குடும்பத்துக்குக் கஷ்டம். 1,94,000 ரூபாயைப் புரட்டச் சொன்னால் கந்துவட்டிக்காரர் வாசலுக்குத்தான் போக வேண்டும். புரட்ட முடியாதவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். ஒன்று, ஆழத்தைக் குறைத்துக் கட்டிவிட்டு வெடிப்போடு வாழ்கிறார்கள். இல்லையென்றால் வானத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு நிற்கிறார்கள். பயனாளி பணியைத் தொடங்கவில்லை என்று கோப்பில் எழுதப்படுகிறது.

என்ன செய்யலாம்

முதலில் ஆதாரம் சேர்ப்போம். பொறியியல், பாலிடெக்னிக் படிக்கிற தோழர்கள் இதை இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். காலனியில் ஒரு பிடி, ஊர்த்தெருவில் ஒரு பிடி, மூன்றடி ஆழத்து மண் எடுங்கள். காயவைத்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மில்லி அளவுக் குடுவையில் போடுங்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்து மண் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது, நீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லியும் நீரில் 18 மில்லியும் காட்டினால், அந்த மண் 80 விழுக்காடு உப்புகிறது என்று பொருள். இது தர நிர்ணய விதிகளில் உள்ள சோதனை. கல்லூரி ஆய்வகத்தில் பெரிய செலவில்லாமல் செய்யலாம். இரண்டு குடுவையையும் கிராம சபையில் வைத்தால், பத்துப் பக்க மனு சொல்லாததை அது சொல்லும்.

சட்டம் படிக்கிற தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் காலனிக்கு நிலம் எடுத்தபோது மண் பரிசோதனை நடந்ததா, நடந்திருந்தால் அறிக்கையின் நகல் எங்கே, இந்த வீட்டின் மதிப்பீட்டில் அஸ்திவாரத்துக்கு எத்தனை அடி ஆழம் கணக்கிடப்பட்டது? கடைசிக் கேள்வி முக்கியம். மதிப்பீட்டில் இருக்கிற ஆழத்துக்கும் உண்மையில் தோண்டிய ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் வழக்கு.

நம் வீடுகளில் கணக்கு எழுதிவைக்கும் பழக்கம் வர வேண்டும். மாமாவின் நோட்டு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் புலம்பலாகத்தான் இருந்திருக்கும். உங்கள் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் வானத்தின் ஆழம், அகலம், லோடு எண்ணிக்கை, கம்பியின் எடை, வாங்கிய கடன் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். குழி மூடுவதற்கு முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொன்று. பைல் போட வசதி இல்லாவிட்டாலும் கரிசலில் பிளிந்த் பீமையும் லிண்டல் பீமையும் விட்டுவிடாதீர்கள். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாமல் சிமெண்ட் தளம் போட்டு, குளியல் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சுவரோரம் இறங்காமல் தள்ளிவிடுங்கள். வேப்ப மரத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வேர் ஈரத்தை உறிஞ்ச, அந்த மூலை இறங்கும். மண் அசைவதற்குக் காரணமே ஈரம் மாறுவதுதான்.

கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் தேர்ந்தெடுக்கும் முன் மண் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். அறிக்கை பட்டா கோப்பில் இருக்க வேண்டும். கரிசல், ஏரிக்களி, நிரப்பிய மண் ஆகியவற்றில் கட்டும் வீடுகளுக்கு அஸ்திவாரக் கூடுதல் தொகை வேண்டும். அதை முடிவு செய்யும் அலகு ஊராட்சியாக இல்லாமல் குடியிருப்பாக இருக்க வேண்டும். குழி எடுத்ததும், அதை மூடுவதற்கு முன் முதல் தவணை வர வேண்டும். ஏற்கெனவே வெடித்த வீடுகளுக்குப் பூச்சு வேலைக்குப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளாமல் அடித்தளத்தைச் சோதித்துப் பழுது பார்க்க வேண்டும்.

இதில் எதுவும் சலுகை இல்லை. பள்ளத்தில் குடிவைத்தவர்கள் பள்ளத்தை மேடாக்கும் செலவை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். மேட்டில் மனை கொடுங்கள், கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டோம்.

பட்டாவுக்காக நம் தாத்தாக்கள் போராடினார்கள். வீட்டுக்காக நம் பெற்றோர் போராடினார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆறடி மண் நம் தலைமுறையின் வேலை. வரும் கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. குடுவையைத் தயார் செய்யுங்கள்.